மூலை திரும்பினால் உட்காரலாம்: ஆஸ்போர்ன் மாளிகையின் குடும்பக் கூடம்

இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு எதிரே, சோலண்ட் நீரிணையைத் தாண்டினால் ஐல் ஆஃப் வைட் தீவு. அங்கே ஆஸ்போர்ன் என்ற இடத்தில் விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் கட்டிய விடுமுறை வீடு இன்றும் இருக்கிறது. அதன் தரைத்தளத்தில் மாடிப்படியைச் சுற்றி மூன்று அறைகள் வளைந்து வருகின்றன: சாப்பாட்டு அறை, டிராயிங் ரூம் எனப்படும் வரவேற்புக் கூடம், பில்லியர்ட்ஸ் அறை. கடைசி இரண்டுக்கும் நடுவே சுவரும் இல்லை, கதவும் இல்லை, தூண்கள் மட்டும்தான். டிராயிங் ரூமில் நடந்து ஒரு மூலை திரும்பினால் பில்லியர்ட்ஸ் மேசை.

இடத்தை விசாலமாகக் காட்டச் செய்த ஏற்பாடு போலத்தான் தெரியும். உண்மையில் இது மரியாதைச் சிக்கல் ஒன்றுக்குக் கண்டுபிடித்த வழி. அரசி இருக்கும் இடத்தில் அவருடைய பரிவாரம் உட்காரக் கூடாது. பரிவாரம் என்றால் வேலையாட்கள் இல்லை. உயர்குடிப் பெண்களும் ராணுவ அதிகாரிகளும்தான். இரவுச் சாப்பாடு முடிந்து அரசி படுக்கப் போகும்வரை இவர்கள் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆஸ்போர்னில் மூலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அரசியின் பார்வையில் படமாட்டார்கள், ஆகவே உட்காரலாம். அதே சமயம் கதவு கிடையாது என்பதால் அவர்கள் இன்னும் அரசியின் அறையில்தான் இருக்கிறார்கள் என்று கணக்கு. கூப்பிட்டால் காதில் விழும்.

அப்பா கூடத்துக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, தூணுக்குப் பின்னால் நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்ட பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். விதியைத் தளர்த்துவதை விட வீட்டை வேறு மாதிரி கட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அரசி அங்கே வாழ்ந்த 50 வருஷத்துக்கு மேலான காலத்தில் இந்தத் தரைத்தளத்தின் உபயோகம் பலமுறை மாறியது. ஒவ்வொரு தடவையும் அடியில் இருந்தது இதே இழுபறிதான்: குடும்பமாக இருக்க ஆசை, அரசாங்கமாக இருந்தாக வேண்டிய கட்டாயம்.

சரி, இவ்வளவு அரண்மனைகள் இருக்கும்போது இன்னொரு வீடு எதற்கு? பக்கிங்ஹாம் லண்டன் நடுவில் இருந்தது. விண்ட்சர் கோட்டை பிரம்மாண்டம். கடலோரத்தில் பிரைட்டன் பவிலியன் என்று ஒன்று இருந்தது. விக்டோரியாவின் பெரியப்பா நான்காம் ஜார்ஜ் வெங்காயக் குவிமாடங்களோடு கட்டிவிட்டுப் போனது. ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துவிட்டது. அரசி வெளியே கால் வைத்தால் கூட்டம் கூடியது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே என்ன விடுமுறை கொண்டாட முடியும்? அந்த மாளிகையை 1850-ல் பிரைட்டன் நகரத்துக்கே 53,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்றும் இருந்தது. அரச மாளிகைகளைப் பராமரித்தது அரசாங்கத் துறைகள். ஒரு சின்ன மாற்றத்துக்கும் துறை துறையாகக் கேட்டு அலைய வேண்டும். 1845-ல் தன் மாமா, பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்கு விக்டோரியா எழுதிய கடிதத்தில், தனக்கென்று ஒதுக்குப்புறமாக ஓர் இடம் கிடைத்ததில் இருக்கும் சந்தோஷத்தையும், வனத்துறை முதலான துறைகள் தன் உயிரை வாங்குவதையும் சேர்த்தே சொல்கிறார். ஒரு பேரரசின் தலைவி, அலுவலகத்தில் கோப்பு நகராத கடுப்பில் எழுதிய கடிதம் அது. ஆஸ்போர்ன் அவர்களின் சொந்தப் பணத்தில் வாங்கியது. அதனால் எந்தத் துறைக்கும் அங்கே வேலை இல்லை.

தீவு அவருக்குப் புதிதும் இல்லை. சிறுமியாக இருந்தபோது 1831-லும் 1833-லும் பக்கத்திலேயே நாரிஸ் கோட்டையில் தாயோடு தங்கியிருக்கிறார். பிரதமர் ராபர்ட் பீல்தான் இந்த எஸ்டேட் விலைக்கு வருவதைக் கவனித்துச் சொன்னார். முதலில் வாடகைக்கு இருந்து பார்த்தார்கள், 1845-ல் வாங்கினார்கள். ஏற்கெனவே அங்கிருந்த வீடு குடும்பத்துக்குப் போதவில்லை. புது வீடு எழும்பியதும் பழையதை இடித்துவிட்டார்கள். அதன் முகப்பு மண்டபம் மட்டும் வீணாகவில்லை. மதில் சூழ்ந்த தோட்டத்துக்கு வாசலாகப் போய் நின்றது, இன்றும் நிற்கிறது.

கட்டியவர் பெயர்பெற்ற கட்டடக்கலை வல்லுநர் அல்ல. லண்டனில் பெல்கிரேவியா பகுதியைக் கட்டி எழுப்பிய ஒப்பந்தக்காரர் தாமஸ் குபிட். ஆல்பர்ட்டும் குபிட்டும் உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். சோலண்ட் நீரைப் பார்த்தால் நேப்பிள்ஸ் வளைகுடா ஞாபகம் வருகிறது என்றாராம் ஆல்பர்ட்; ஆகவே வீடு இத்தாலியப் பாணியில், இரண்டு கோபுரங்களோடும் படிப்படியாக இறங்கும் தோட்டத் தளங்களோடும் எழுந்தது. கல் மாளிகை போலத் தெரிவது உண்மையில் செங்கல்லும் மேல்பூச்சும்தான். தீப்பிடிக்காமல் இருக்க இரும்பு உத்தரங்கள் போட்டார்கள். தொழில் தெரிந்த மேஸ்திரியின் வீடு இது, கலைஞனின் கனவு அல்ல. (இன்றைய பிரிட்டிஷ் அரசி கமிலா, இந்தக் குபிட்டின் வழி வந்தவர்.)

முதலில் எழும்பியது பவிலியன் எனப்படும் குடும்பப் பகுதி. பரிவாரத்துக்கும் விருந்தினருக்குமான பகுதிகள் பின்னால் வந்தன. எல்லாம் முடிய 1851 ஆனது. குடும்பம் தனி, அலுவல் தனி, இரண்டையும் இணைக்க நீளமாக ஒரு நடை. காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான பிரிவினை. 1846 செப்டம்பரில் குடிபுகுந்தார்கள். அரசி வாசலைத் தாண்டும்போது தோழிப் பெண் ஒருத்தி பழைய செருப்பு ஒன்றை அவர் பின்னால் வீட்டுக்குள் எறிந்தாளாம். ஸ்காட்லாந்தில் அது சுபசகுனம். அந்தப் பெண் ஸ்காட்லாந்துக்காரி. அன்று இரவுச் சாப்பாட்டில் ஆல்பர்ட், புதுமனை புகும்போது ஜெர்மனியில் பாடும் லூத்தரின் துதிப்பாடலிலிருந்து இரண்டு வரி சொன்னார். இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட லேடி லிட்டில்டன்.

டிராயிங் ரூமைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மஞ்சள் பட்டுத் திரைகளும் அதே நிறத்தில் இருக்கைகளும். கடலைப் பார்த்த பெரிய வளைவு ஜன்னல். ஓரங்களில் ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வெள்ளைப் பளிங்குச் சிலைகள். கிரேக்கத் தெய்வங்கள் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். மேரி தார்னிக்ராஃப்ட் என்ற பெண் சிற்பி செதுக்கியவை. மூத்த நான்கு பேரும் நான்கு பருவங்கள்: ஆலிஸ் வசந்தம், விக்கி கோடை, ஆல்பிரட் இலையுதிர் காலம், பட்டத்து இளவரசன் பெர்ட்டி குளிர்காலம். இதுவும் போதாதென்று குழந்தைகளின் பிஞ்சுக் கைகளையும் கால்களையும் தனித்தனியாகப் பளிங்கில் வடித்து, வெல்வெட்டில் வைத்து, கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தார் அரசி. இன்று பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு உருகும், பாதிப் பேருக்கு உடம்பு சிலிர்க்கும். நான் இரண்டாவது கட்சி. ஆனால் புகைப்படம் வீடுகளுக்குள் வராத காலத்தில், வளர்ந்துபோகிற குழந்தையின் அளவை அப்படியே பிடித்து வைக்க வேறு வழி இருந்ததா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூலைக்கு அந்தப் பக்கம் இருந்த பில்லியர்ட்ஸ் மேசையும் சாதாரணப்பட்டது இல்லை. மேக்னஸ் என்பவரின் நிறுவனம் செய்த கற்பலகை மேசை. கால்களும் சட்டமும்கூட பலகைக் கல்லே. மேலே பளிங்கு போல எனாமல் பூச்சு. அலங்கார வடிவத்தை ஆல்பர்ட்டே போட்டுக் கொடுத்தார். நிமிர்ந்து நின்றே பணிசெய்து பழகிய மனிதர்கள் குனிந்து ஆடவும், அலுத்தால் உட்காரவும் இந்த ஒரு மூலைதான் வீட்டில் கிடைத்த இடம்.

இன்னொரு சின்ன விஷயம். வீடு முழுக்க கதவுகளுக்கு மேலும் கூரையிலும் வி, ஏ என்ற இரண்டு எழுத்துகளும் பின்னிப் பிணைந்திருக்கும். புகைபிடிக்கும் அறையின் கதவுக்கு மேல் மட்டும் ஏ தனியாக இருக்கிறது. அரசிக்குப் புகையிலை வாடையே ஆகாது.

மாடியில் அரசியின் உட்காரும் அறையில் இரண்டு எழுத்து மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும், ஒன்று அவருக்கு, ஒன்று ஆல்பர்ட்டுக்கு. அரசுப் பெட்டிகள் தினமும் லண்டனிலிருந்து கடல் கடந்து வந்தன. அமைச்சர்களும் வந்தார்கள். துறைகளிடமிருந்து தப்பி வந்த வீட்டிலேயே ஆலோசனை சபைக்கென்று தனி அறை கட்ட வேண்டியிருந்தது. (1878 ஜனவரியில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் தொலைபேசியை அரசிக்குச் செய்து காட்டியது ஆஸ்போர்னில்தான்.) ஆக, கீழே கூடத்தில் கழிந்த மாலை நேரம் என்பது முழு ஓய்வும் இல்லை, முழு வேலையும் இல்லை. பியானோ வாசிப்பும் பாட்டும் நடக்கிற அதே அறையில், அரசி பேச்சுக் கொடுத்தால் ஒழிய யாரும் அவரிடம் பேச்சைத் தொடங்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு இந்த விதிகளிலிருந்து உண்மையான விடுதலை வீட்டுக்குள் கிடைக்கவில்லை, வெளியே கிடைத்தது. தோட்டத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் 1854-ல் முடித்த மரவீடு, ஸ்விஸ் காட்டேஜ். அங்கே இளவரசிகள் தாங்களே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். ஆளுக்கு ஒரு பாத்தி. பெயரின் முதலெழுத்து பொறித்த தள்ளுவண்டி, மண்வெட்டி. விளைந்த காய்கறியைச் சந்தை விலை போட்டு அப்பாவே வாங்கிக்கொண்டார்.

1857-ல் கடைசிக் குழந்தை பியாட்ரிஸ் பிறந்தபோது ஒன்பது பேர். நான்கே வருஷம். 1861 டிசம்பர் 14 அன்று விண்ட்சரில் ஆல்பர்ட் இறந்தார். வயது 42.

அடுத்த கோடையில் அதே தரைத்தளத்தில் ஒரு கல்யாணம். இரண்டாவது மகள் ஆலிஸுக்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டு லூயியோடு ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. 1862 ஜூலை 1 அன்று சாப்பாட்டு அறையைத் தேவாலயம் போல மாற்றி, குடும்ப ஓவியத்தின் கீழே பீடம் வைத்தார்கள். விண்டர்ஹால்ட்டர் 1846-ல் வரைந்த ஓவியம் அது. விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் அன்றிருந்த ஐந்து குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். கறுப்பு உடையில் அரசி, யார் கண்ணிலும் அதிகம் படாதபடி மகன்கள் மறைத்து நிற்க, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் மாதிரியே இல்லை, சாவு வீடு மாதிரி இருந்தது என்று பின்னால் அவரே மூத்த மகளுக்கு எழுதினார். பரிவாரம் ஒளிந்துகொள்வதற்காகத் திறந்துவிட்ட தரைத்தளத்தில் இப்போது அரசியே ஒளிய இடம் தேட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு சுமார் 40 ஆண்டு அவர் வருஷா வருஷம் கோடையிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் அங்கே வந்துகொண்டே இருந்தார். ஆல்பர்ட்டின் மேசையும் பொருள்களும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. டிராயிங் ரூமும் பெரிதாக மாறவில்லை. வந்து தங்கியவர்கள் பலரும் சொன்ன குறை குளிர். அரசிக்கு வெக்கை ஆகாது, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

ஆனால் குடும்பம் வேறு பக்கம் வளர்ந்தது. 1885-ல் பியாட்ரிஸ், பேட்டன்பர்க் இளவரசர் ஹென்றியைக் கட்டிக்கொண்டார். அம்மாவோடுதான் குடியிருக்க வேண்டும் என்பது அரசி போட்ட நிபந்தனை, அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், பழைய இடம் போதவில்லை. பெரிய விருந்து என்றால் உட்கார வைக்கவும் அறை இல்லை. 1890-ல் வீட்டோடு சேர்த்து ஒரு புதிய பகுதியைக் கட்டத் தொடங்கினார்கள்: மேல்தளம் பியாட்ரிஸ் குடும்பத்துக்கு, கீழ்த்தளம் முழுக்க ஒரே பெரிய அறை.

அதுதான் தர்பார் அறை. திட்டம் போட்டவர் லாகூர் மேயோ கலைப் பள்ளியின் முதல்வர் லாக்வுட் கிப்லிங். நேரில் வந்து இருந்து வேலையை நடத்தியவர் அதே பள்ளியைச் சேர்ந்த பாய் ராம் சிங், தச்சு வேலைப் பரம்பரையிலிருந்து வந்த பஞ்சாபிக் கலைஞர். அதற்கு முன் அரசியின் மகன் கன்னாட் கோமகனின் பேக்ஷாட் மாளிகைக்குப் பில்லியர்ட்ஸ் அறை ஒன்றை இதே இருவரும் செய்து கொடுத்திருந்தார்கள். ஆஸ்போர்னில் ராம் சிங் மரத்தில் மாதிரி செதுக்கிக் கொடுப்பார். அதிலிருந்து அச்செடுத்து, லண்டன் ஜாக்சன் நிறுவனத்தின் ஆட்கள் சுண்ணச்சாந்திலும் காகிதக் கூழிலும் வார்த்துச் சுவரிலும் கூரையிலும் பொருத்துவார்கள். முழுக்க வெள்ளை வெளேரென்ற நுணுக்க வேலை. கணப்பு அடுப்புக்கு மேலே தோகை விரித்த மயில். கதவுக்கு மேலே பிள்ளையார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவி கிறிஸ்துமஸ் மரம் வைத்த அறையில் விக்னேசுவரர் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அவருக்கு யாரும் உட்கார அனுமதி தர வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1876-ல் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் ஏற்ற விக்டோரியா இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. 1887-ல் இந்தியாவிலிருந்து அரண்மனைப் பணிக்கு வந்த அப்துல் கரீம் அவருக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்தார். ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஓவியரை அனுப்பி இந்தியக் கைவினைஞர்களையும் சாதாரண மனிதர்களையும் வரைந்துவரச் சொன்னார். அந்த முகங்கள் தர்பார் அறைக்குப் போகும் நடையில் வரிசையாகத் தொங்குகின்றன. ராம் சிங்கின் படமும் ஸ்வோபோடா வரைந்ததுதான். ஆர்வம் உண்மையானது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாடு ஒன்று அலங்காரமாகச் சுருங்கி ஒரு வீட்டுக்கூடத்தில் பொருந்தியது என்பதும் உண்மைதான். 1887 பொன்விழாவுக்கும் 1897 வைரவிழாவுக்கும் இந்திய மன்னர்களும் நகரங்களும் அனுப்பிய பேழைகளும் பாத்திரங்களும் இன்று அந்த அறையின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. 'எங்கள் அரசிக்கு' என்று வெள்ளியில் வந்து குவிந்த இவற்றின் பின்னால் எத்தனை விண்ணப்பங்கள் இருந்தன என்பதைப் பெட்டி காட்டாது.

பேரப்பிள்ளைகள் காலத்தில் குடும்பத்தின் கொண்டாட்டம் இங்கே இடம் மாறியது. கிறிஸ்துமஸ் பரிசு மேசைகள், நாடகம், வீட்டார் வேஷம் கட்டி அசையாமல் நின்று காட்டும் காட்சிகள் எல்லாம் தர்பார் அறையில். நடிப்பவர் யார் என்று பார்த்தால் பாதிப் பேர் அரச குடும்பம், பாதிப் பேர் பரிவாரம், சில சமயம் இந்தியப் பணியாளர்களும். 1846-ல் மூலை திரும்பி ஒளிந்து உட்கார வேண்டியிருந்த பரிவாரம், 1890-களில் அரசிக்கு முன்னால் மேடையேறி வேஷம் கட்டியது. விதி மாறவில்லை, மேடை என்பதால் செல்லுபடியானது. ஆல்பர்ட் கண்டுபிடித்த அதே மாதிரியான குறுக்குவழி என்று எனக்குப் படுகிறது. மருமகன் ஹென்றி 1896 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தே நாட்டின் மீதான படையெடுப்பில் மலேரியா வந்து இறந்தபின் இந்த உற்சாகமும் குறைந்தது.

1901 ஜனவரி 22 மாலை, மாடிப் படுக்கையறையில் விக்டோரியா இறந்தார். ஒரு பக்கம் மருத்துவர் ஜேம்ஸ் ரீட், மறுபக்கம் பேரன், ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், நன்றாக இருந்த ஒரே கையால் பாட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். உடலைக் கீழே கொண்டுவந்து வைத்த இடம், ஆலிஸுக்குக் கல்யாணம் நடந்த அதே சாப்பாட்டு அறை. பிப்ரவரி 1 அன்று படகில் ஏற்றும்வரை காவலர்கள் அங்கே நின்றார்கள். உட்கார அல்ல, நிற்க.

வீடு குடும்பத்திலேயே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். ஆனால் ஏழாம் எட்வர்டாகப் பட்டம் ஏறிய பெர்ட்டிக்கு, அதாவது டிராயிங் ரூமில் குளிர்காலமாக நின்ற பிள்ளைக்கு, அந்த வீடு வேண்டாம். மற்றவர்களும் இவ்வளவு பெரிய செலவை ஏற்கத் தயாராக இல்லை. பியாட்ரிஸுக்கும் இன்னொரு மகள் லூயிஸுக்கும் எஸ்டேட்டிலேயே வேறு வீடுகள் இருந்தன. 1902-ல், முடிசூட்டு விழாவை ஒட்டி, எட்வர்ட் அதை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். விக்டோரியா எதைக் கண்டு ஓடிவந்து இந்த வீட்டைத் தன் காசில் வாங்கினாரோ, கடைசியில் அது அந்த அரசாங்கத் துறைகளிடமே போய்ச் சேர்ந்தது.

எஸ்டேட்டில் 1903 முதல் 1921 வரை கடற்படைக் கல்லூரி நடந்தது. பின்னாளில் ஆறாம் ஜார்ஜாக வந்தவர் அங்கே படித்தவர்தான். பரிவாரப் பகுதி, உடல்நலம் தேறும் அதிகாரிகளுக்கான இல்லமானது. மாடியில் அம்மாவின் அறைகளை எட்வர்ட் இரும்புக் கிராதி போட்டு அடைத்தார், குடும்பத்தாரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. 1954-ல் இரண்டாம் எலிசபெத் சம்மதித்தபின்தான் பொதுமக்கள் அங்கே போக முடிந்தது. 1986 முதல் பராமரிப்பு இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் கையில்.

பூட்டி வைத்ததில் ஒரு லாபம் உண்டு. பழைய மாளிகைகள் பலவற்றில் அடுத்தடுத்த தலைமுறைகள் வந்து தங்கள் ரசனைக்கு ஏற்ப அறைகளை மாற்றிவிடுவார்கள். ஆஸ்போர்னில் அடுத்த தலைமுறை குடியேறவே இல்லை. அதனால்தான் இரண்டு எழுத்து மேசைகளும் பளிங்குப் பிள்ளைகளும் கற்பலகை மேசையும் இருந்த வீட்டிலேயே இருக்கின்றன. இன்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சாப்பாட்டு அறை, டிராயிங் ரூம், பில்லியர்ட்ஸ் அறை மூன்றையும் பார்க்கலாம். போகிறவர்கள் ஒரு நிமிஷம் டிராயிங் ரூம் சோபாப் பக்கம் நின்று, பில்லியர்ட்ஸ் மேசை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.